ஆரஞ்சுத் தாளில் சுற்றிய கழுகுகள்

அமெரிக்கக் காசைக் கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டால் முதலில் ஒரு குளிர்ச்சி தெரியும், அப்புறம் தகரக் குவளைத் தண்ணீர் போல ஒரு சப்பு, அதற்கும் அப்புறம் உப்பு. அந்த உப்பு காசினுடையது அல்ல, என் இரத்தத்தினுடையது என்பது, காசை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டு அண்ணன் சேகர் இரண்டாவது அறை விட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காசின் விளிம்பில் ரம்பம் போல வரிவரியாக வெட்டியிருப்பார்கள், அது கன்னத்தின் உள்சதையைக் கீறிவிட்டது. துப்பினால் காசு போய்விடுமே என்று இரத்தத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு, "இல்லை" என்று தலையை ஆட்டினேன். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அடுத்த வீட்டுச் செல்வி அக்கா. "மடியத் தடவுவானுங்க, கைய முறுக்குவானுங்க, வாய்க்குள்ள மட்டும் எவனும் வெரல உடமாட்டான். கடிச்சிடுவோம்னு பயம் கீதுல்ல" என்பாள். அவளுக்கு அதில் நல்ல அனுபவம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மந்தைவெளியில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த வீடுகளும் நடு முற்றத்தில் ஒரு அடிபம்பும் தெருவுக்கு ஒரே ஒரு தகரக் கதவும் கொண்ட லைனில் குடியிருந்தோம். மயிலாப்பூர் மாட வீதிக்காரர்கள் பட்சணங்களுக்கு வைத்திருப்பதைப் போல எங்கள் லைனில் அடிக்குப் பெயர்கள் இருந்தன. முதுகில் ஒன்று விழுந்தால் "சாத்து", ஓயாமல் விழுந்தால் "பூசை", பம்படியில் பெண்கள் குடத்தால் போட்டுக்கொள்வது "மொத்து", ஆளுக்கொரு கையாகச் சேர்ந்து கொடுப்பது "தர்ம அடி". பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்ததை வீட்டில் சொன்னால், சொன்னதற்கு ஒன்று தனியாக விழும். யாரும் யார் மேலும் கோபமாக இருந்ததாகவே எனக்கு நினைவில்லை, வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டு அடுப்பு மூட்டப் போய்விடுவார்கள். செல்வி அக்கா வாங்கியது மட்டும் அந்தக் கணக்கில் சேராது.

அவள் புருஷன் மாணிக்கம் தி.நகர் ஜவுளிக் கிடங்குகளில் துணி மூட்டைகளை, பேல் பேலாக, தூக்குகிறவன். ஒரு பேலை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுவான், அந்தக் கையாலேயே வீட்டிலும் அடிப்பான். எங்கள் லைன் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்த கோவிந்தன், "ஆணில மாட்டுன சட்டைய எடுக்கறாப்பல எடுக்குறான்யா அவ முடிய" என்று பெட்டியில் கரி போட்டுக்கொண்டே சொல்வாரே தவிர எழுந்திருக்க மாட்டார். ஒரு தடவை அவள் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போய்விடலாமென்று ஒரு மஞ்சள் பையோடு கிளம்பினாள். தகரக் கதவை அடைத்து நின்று, "குடும்பம்னா நாலு கீறதுதாம்மே, உள்ள போ" என்று திருப்பிக் கொண்டுபோய் ஒப்படைத்தவர்கள் இதே கோவிந்தனும் லைன் ஆண்களும்தான். அன்று அவளுக்கு விழுந்த பூசையில் இடது காது மந்தமாகிவிட்டது. என் அம்மா அப்புறம் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்: "ஒரு நாளு இவன் இவள சாவடிச்சிட்டு, அப்பறந்தான் தல மேல கைய வெச்சிக்கினு அழுவான். அதுக்கும் இவனுங்கதான் கூட ஒக்காந்து அழுவானுங்க."

காசு எங்களிடம் வந்த கதை இது. என் நைனா டூரிஸ்ட் கார் ஓட்டினார், தேனாம்பேட்டை ஸ்டாண்டு. வெள்ளைக்காரர்கள் இறங்கும்போது சில பேர் பைக்குள் கிடக்கிற அவர்கள் ஊர்ச் சில்லறையை அள்ளிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். நோட்டு என்றால் மாற்றலாம், சில்லறையை எந்தப் பணமாற்றுக் கடைக்காரரும் கையால் தொடமாட்டார். அதனால் மற்ற டிரைவர்கள் வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்ததையும் நைனா கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, "இந்தா பாப்பா, உங்க மாமன் ஊட்டுச் சீரு" என்று என் பாவாடையில் கொட்டுவார்.

பகலில் பம்பு வறண்டு பெண்கள் படுத்துவிட்ட பிறகு, செல்வி அக்காவும் நானும் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அவற்றைப் பரப்புவோம். கழுகு போட்டது பெரிய காசு, தீவட்டி போட்டது பொடிக்காசு, மண்டபம் போட்டது ஒன்று, தாடிக்காரர் முகம் போட்ட செம்புக்காசு ஒன்று. கழுகின் மறுபக்கத்தில் பின்னல் போட்ட ஒரு ஆண் இருப்பார், அந்தப் பின்னலுக்குப் பின்னால் பொடியாக ஓர் எழுத்து இருக்கும், சிலதில் பி, சிலதில் டி. பத்தாவது வரை படித்த செல்வி அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "இனிஷியல்டி. நாம அப்பன் பேர முன்னால வெக்கிறோம், இவன் பின்னால வெச்சிகிறான்." அதிலிருந்து ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பி, ஒரு டி என்று ஜோடி சேர்ப்பதே எங்கள் வேலையாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு டி கிடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, நைனா வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு மொதல்ல கே, கட்டிக்கினப்பறம் எம். ரெண்டும் ஆம்பளைங்களுது. எனக்குன்னு கீறது எஸ்ஸுதான். எஸ் போட்ட காசு வந்தா நான் எடுத்துக்குவேன், இன்னாமே?" என்று என்னிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஒரு நாள் வந்தே விட்டது. தேய்ந்து கறுத்த ஒரு தாடிக்காரர், வருஷத்துக்குக் கீழே கடுகளவு எஸ். அவள் அதைப் புளி போட்டுத் தேய்த்து, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள். அவள் வீட்டில் மாணிக்கம் கை படாத பொருள் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

வம்பு கழுகுக் காசின் விளிம்பிலிருந்து பிறந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிற அந்தக் காசைச் சாய்த்துப் பிடித்தால், விளிம்பின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு ஓடும். ஒருநாள் நைனா சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தபோது பையில் தங்கிவிட்ட காசைக் கோவிந்தன் வெயிலில் பிடித்துப் பார்த்தார். "யோவ், நடுவுல தங்கம் வெச்சி அடிச்சிகிறான்யா! மேலயும் கீழயும் வெள்ளிய மூடிட்டு உள்ள தங்கம்! இல்லன்னா அவ்ளோ பெரிய அமெரிக்காக்காரன் இன்னாத்துக்கு ஓரத்துல செகப்பு காட்றான்?" அன்று மாலைக்குள் லைன் முழுக்க அதுதான் பேச்சு. நைனா, "அட போங்கப்பா, செம்பு அது" என்றார். சொன்னவரிடம்தான் காசு இருந்தது என்பதால் அவர் பேச்சை யாரும் நம்பவில்லை.

அதுவரை விளையாட்டுச் சாமானாக இருந்ததற்காக அதன்பிறகு மண்டைகள் உடைந்தன. சேகருக்கும் கோவிந்தன் மகனுக்கும் ஒரு கழுகுக்காக நடந்த சண்டையில் செங்கல் பறந்து, சேகரின் புருவம் பிளந்து தையல் போட்டார்கள். தையல் போட்ட கையோடு நைனா அவனுக்கு ஒரு பூசை வைத்தார். கேரம் போர்டு ஒன்று ஒருவர் தலையில் உடைந்தது. மாணிக்கம் ஒரு காசைத் துணி துவைக்கிற கல்லில் வைத்து உளியால் இரண்டாகப் பிளந்து, அந்தத் துண்டோடு மயிலாப்பூர் நகைப் பத்தரிடம் போனான். பத்தர் உரைத்துக்கூடப் பார்க்காமல் செம்பு என்றாராம். "அவனுக்கே வேணும்னு பொய் சொல்றான்" என்று பத்தரின் சட்டையைப் பிடித்துவிட்டு வந்து, அந்தக் கோபத்தைச் செல்வி அக்காவின் முதுகில் இறக்கினான். எங்கள் முறமும் ஜோடிகளும் அன்றோடு போயின. தேறியதையெல்லாம் அவன் அள்ளிக்கொண்டான். முந்தானை முடிச்சை அவிழ்க்க மட்டும் அவளுக்கு நேரம் கிடைத்தது, எஸ் காசை வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த மார்கழியில் சங்கீத சீசனுக்கு வந்த, வருஷா வருஷம் நைனா வண்டியையே கூப்பிடுகிற ஓர் அமெரிக்க அம்மாள், நான் காசு சேர்ப்பதை அவர் சொல்லக் கேட்டிருந்து, தன் ஊர் பேங்கில் சுற்றித் தருகிற ஒரு சுருளை அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். ஆரஞ்சு நிறத் தடித்தாள், ஒரு சாண்கூட நீளமில்லை, உள்ளே புதுக் கழுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு முனையிலும் தாளை மடித்து இறுக்கியிருந்ததில் கடைசிக் காசின் நடுமட்டும் வட்டமாகத் தெரியும். பிரிக்காமல் வைத்திருந்தால்தான் மதிப்பு என்றாளாம். கையில் எடுத்தால் காய்கறிக்காரர் தராசின் கால் கிலோக் கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும். நான் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளப் போனேன். அம்மா விடவில்லை. "இந்த ஊட்ல வெச்சா உங்கண்ணன் நாளைக்கே பிரிச்சிடுவான். செல்வி கையில குடு, அவ புருசன் கேட்டாலும் சொல்ல மாட்டா, பத்திரமா வெப்பா." செல்வி அக்கா வாங்கி, மந்தமான காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, "சத்தமே இல்ல, ஒத்துமையா கீதுங்க" என்றாள். அரிசி டின்னுக்குள் புதைத்தாள். லைனில் எந்த வீட்டு அரிசி டின்னும் ரகசியம் இல்லை.

போகியன்று விடியலில் டயர் எரிகிற புகையும் பையன்கள் தட்டுகிற போகி மேளமும் சேர்ந்து எதிரில் நிற்பவர் முகமும் தெரியவில்லை, பேசுவதும் கேட்கவில்லை. நைனா விமான நிலையத்துக்குச் சவாரி போயிருந்தார். மாணிக்கம் வீட்டுக்குள்ளிருந்து முதலில் அரிசி டின் பறந்து வந்தது. பிறகு பாய், தலையணை, அவளுடைய கூறைப்புடவை, ஒவ்வொன்றும் நேராக முற்றத்து நெருப்பில். "பழசெல்லாம் கொளுத்துற நாளுடி இன்னிக்கி! தங்கத்த எங்க வெச்சிகீற? சொல்லல, உன்னியும் சேத்துக் கொளுத்திடுவேன்!" என்று கத்திக்கொண்டே அவளை முடியைப் பிடித்து நெருப்பு வரைக்கும் இழுத்து வந்தான். அவிழ்ந்த முடியின் நுனி பொசுங்கி, அந்த நாற்றம் டயர் நாற்றத்தையும் தாண்டி அடித்தது. வயிற்றில் உதைத்தான். அவள் கத்தவில்லை. "வாயத் தொறந்து சொல்லிட்டாத்தான் இன்னாவாம்? கொழுப்பு" என்று பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். ஆண்கள் தகரக் கதவருகே வரிசையாக நின்றார்கள். அம்மா மட்டும், "டேய், உடுறா அவள! பொட்டச்சிய எரிக்கிறான், நின்னு பாக்குறீங்களே!" என்று கூச்சலிட்டுக்கொண்டு ஓடினாள், மாணிக்கம் ஒரே தள்ளில் அவளைப் பம்படிச் சேற்றில் உட்கார வைத்தான்.

அவன் திரும்பிய அந்த இடைவெளியில் செல்வி அக்காவின் கை மடிக்குள் போனது. டின்னிலிருந்து எப்போதோ எடுத்து மடியில் செருகியிருக்கிறாள், வெளியே வந்தபோது மூடிய விரல்களின் இரண்டு பக்கமும் சுருளின் ஆரஞ்சு நிறம் துருத்திக்கொண்டிருந்தது. முதல் குத்து அவன் தாடையில் விழுந்தது. நனைந்த போர்வையைக் கல்லில் அடிக்கிற சத்தம். அவனுக்கு வலித்ததோ இல்லையோ, யார் அடித்தது என்று தேடுகிறவனைப் போல முழித்தான். இரண்டாவதில் ஏதோ உடைந்தது எனக்கே கேட்டது. மூன்றாவதில் உடைந்தது சுருள். தாள் கிழிந்து, கழுகுகள் நெருப்பு வெளிச்சத்தில் மேலே போய், கீழே சிதறின. மாணிக்கம் பம்பு மேடையில் தலை மோதிச் சரிந்தான். மேளம் நின்றது.

யாராவது அவனைத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். "தங்கம்டா!" என்றார் கோவிந்தன், மறு கணம் லைனே மண்டி போட்டுவிட்டது. மேளக் குச்சியால் விரல்களில் அடித்தார்கள். தலைமுடியை இழுத்தார்கள். ஒருவன் கையை மற்றொருவன் கடித்தான். கிடந்தவன் உடம்புக்கு அடியில் ஒரு காசு போயிருந்தது, அவன் தோளைப் பிடித்து மூட்டையைப் போலப் புரட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். தகரக் கதவருகே ஒருவரும் இல்லை.

செல்வி அக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை என் அம்மா பார்த்தாள். சேற்றிலிருந்து எழுந்தவள், முற்றத்தின் கடைக்கோடிக்கு, கக்கூஸ் சுவர்ப் பக்கமாக ஓடி, வெறும் தரையைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்: "இங்க கீது! தோ இங்க, கொத்தா கீது! ஓடியாங்க!" அத்தனை பேரும் அங்கே பாய்ந்தார்கள்.

கதவைத் தாண்டுமுன் செல்வி அக்கா குனிந்து இரத்தத்தைத் துப்பினாள். கூடவே உள்ளங்கையில் ஒரு செம்புக்காசு விழுந்தது. அவள் ஏன் கத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. காசைப் புடவையில் துடைத்து, என்னைப் பார்த்து ஒரு முறை காட்டி, திரும்ப வாயில் போட்டுக்கொண்டு புகைக்குள் போனாள். மஞ்சள் பைகூட இல்லை. மறுபடி அவளை நான் பார்க்கவே இல்லை.

மாணிக்கம் பிழைத்துக்கொண்டான். பொண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல வாய் வராமல், பம்படியில் வழுக்கி விழுந்ததாகவே ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னான். தாடையைக் கம்பியால் கட்டிவிட்டதில் மாதக்கணக்கில் கஞ்சிதான். கோவிந்தனுக்கு அது போதுமானதாக இருந்தது: "இன்னா மாணிக்கம், ஊருல எல்லாம் செருப்பால வாங்குறான், நீ தங்கத்தால வாங்கினியாமே!" அவன் கையை ஓங்குவான், தாடை வலிக்கும், இறக்கிவிடுவான். அந்தத் தங்கத்தை ஒவ்வொரு வீடும் டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்கில் பூட்டி வைத்திருந்தது. அவசரத்துக்கு ஒருவர் பின் ஒருவராகப் பத்தரிடம் போய்வந்தார்கள், செம்பு என்று கேட்டு வந்தவர் ஒருவர்கூட அடுத்தவரிடம் அதைச் சொல்லவில்லை.

லைன் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. பம்பு இருந்த இடத்தில் கார் நிற்கிறது, நைனாவைப் போல வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் போனிலேயே பணம் வந்துவிடுகிறது, பைநிறையச் சில்லறையை யாரும் யார் கையிலும் கொட்டுவதில்லை. சாத்து, மொத்து என்ற சொற்களும் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மிஞ்சிய காசை எனக்கென்று எடுத்து வைத்துத் தருகிறார்கள். கழுகுகளை நான் பார்ப்பதில்லை. தாடிக்காரர்களை மட்டும் பொறுக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வருஷத்துக்குக் கீழே பார்க்கிறேன். டி வருகிறது, சிலதில் எழுத்தே இல்லை. எஸ் இதுவரை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அதில் ஒரு நிம்மதி. அது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.