போர்ட் பாக்ஸும் வெம்பக்கோட்டை ரோடும்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணின் உயிரைப் பாதி எடுத்துவிட்டேன். கையில் ஆயுதம் எதுவும் இல்லை... கார் டிக்கியில் ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான்.

காருக்கு சப்வூஃபர் என்கிற பேஸ் ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன். பன்னிரண்டு இன்ச். அதை எந்த பாக்ஸில் வைப்பது என்பதில் எனக்கும், சிவகாசியில் பாக்ஸ் அடித்துத் தரும் காசிம் பாய்க்கும் தகராறு. எல்லாப் பக்கமும் அடைத்த சீல்டு பாக்ஸ் போதும், சத்தம் கச்சிதமாக இருக்கும் என்றார். நான் கேட்டேனா? குழாய் வைத்த போர்ட் பாக்ஸ்தான் வேண்டும் என்றேன். நெஞ்சுக்கூடு அதிர வேண்டாமா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாகிவிட்டது.

குழாயின் நீளத்தை மாற்றினால் பேஸின் சுருதி மாறும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, போட்டுப் பார்த்துத்தான் டியூன் பண்ண வேண்டும். ஊருக்குள் வேண்டாமென்று வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். நல்ல மதியம். டிக்கியைத் திறந்து வைத்து டெஸ்ட் டிராக்கைப் போட்டேன்.

டும்...

அருமை! இன்னொரு தடவை?

டும்.

பாய் என் கையைப் பிடித்தார். ரோட்டுக்கு எதிரே இருந்த காலனியில் பெண்களெல்லாம் தெருவுக்கு வந்திருந்தார்கள். ஒருவர்கூட எங்களைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்கள் — புகை எந்தப் பக்கம் என்று.

இங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். எப்படி மறந்தேன்?

ஒரு பெண் மட்டும் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடி வந்தார். பெயர் முத்துலட்சுமி. கணவர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பட்டாசு யூனிட்டில் மருந்து கலக்குகிறவர். போன் போட்டுக்கொண்டே ஓடுகிறார். ரிங் போகிறது, எடுக்க ஆளில்லை. எப்படி எடுப்பார்? போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கார் சத்தம்தாம்மா என்றேன். நம்பவில்லை. நிரூபிக்கிறேன் பேர்வழி என்று திரும்பவும் போட்டேன் பாருங்கள்... காலனியில் ஒரு குழந்தை வீறிட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாயை அங்கேயே விட்டுவிட்டு, முத்துலட்சுமியை ஏற்றிக்கொண்டு யூனிட்டுக்கு விரட்டினேன். வழியெல்லாம் அவர் திரும்பத் திரும்ப போன் போட்டுக்கொண்டே வந்தார். அது என் சத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும்... நான் பேஸ் போட்ட அதே நேரத்தில் அங்கே நிஜமாகவே ஏதாவது வெடித்திருந்தால்? எனக்குக் கேட்டிருக்குமா?

கேட்டில் சொன்னதும் ஆளைக் கூப்பிட்டார்கள். கையெல்லாம் அலுமினியப் பவுடரோடு கணவர் வந்து, என்ன விஷயம் என்றார். சும்மாதான் வந்தேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் தலை மறைந்த பிறகுதான் முத்துலட்சுமி மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மன்னிப்புக் கேட்டேன். பாக்ஸை மாற்றிவிடுகிறேன், இனி இந்தப் பக்கம் டியூன் பண்ண வந்தால் முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அத மட்டும் செஞ்சிராதீக சார்," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நெசமாவே வெடிக்கிற அன்னைக்கு, நீங்கதேன் போடுறீகன்னு நாங்க சும்மா உக்காந்திருவோம்ல?"