ஜேபஸ் பெங்கெல்லி அழித்த கோடு

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் சட்டசபையில் ஜேபஸ் பெங்கெல்லி எழுந்து நின்றால் நிருபர்கள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். அவன் பேச்சு தெருமுனை வரை கேட்கும், அப்புறம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள் என்பது அவர்களுடைய கேலி. இங்கிலாந்தின் கார்ன்வாலில் பத்து வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவன் அவன். ஒரு வெடி நேரம் தவறி வெடித்ததில் இடது காது போயிற்று. அன்றிலிருந்து உலகத்துக்கே காது கேட்காது என்ற நினைப்பில்தான் பேசினான்.

அந்தக் காது அவனுக்கு வசதியாகவும் இருந்தது. எதிர் வரிசைக்காரர்கள் பேசும்போது அந்தக் காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்வான். வீட்டிலும் அதே வழக்கம்தான். அவனுக்கு எப்போது கேட்கவில்லை, எப்போது கேட்க மனமில்லை என்பது முப்பத்து நான்கு வருடம் அவனோடு குடித்தனம் நடத்திய மனைவி டாம்சினுக்கு மட்டும் தெரியும்.

கப்பலிலிருந்து இறங்கிய புதிதில் பர்ரா செம்புச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. ஓடைக்கரையைக் குடைந்து, அந்தப் பொந்தில் இரண்டு வருடம் வாழ்ந்தார்கள். மேலே நடக்கும் ஆட்டின் குளம்பு சில நாள் கூரையைத் துளைத்துக்கொண்டு கஞ்சிப் பானைக்கு நேரே நீட்டும். பிறகு வடக்கே ஒரு பெரிய குத்தகைக்காரரிடம் ஆடு மேய்க்கப் போனார்கள். குதிரையில் மூன்று நாள் போனாலும் எல்லை வராத நிலம் அது. அவ்வளவையும் ஒரே ஆளுக்குக் கொடுத்திருந்தது அரசு. அதற்கு முன்பு அது நஜூரி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பாக்கியும் நோயும் வந்து போன பிறகு கேட்பதற்கு அதிகம் பேர் மிஞ்சவும் இல்லை.

மிஞ்சிய சில குடும்பங்களை டாம்சின் பார்த்திருக்கிறாள். மழை பெய்த வருடம் வடக்கே போவார்கள். சாம்பல் நிற உப்புச்செடி வாட ஆரம்பித்ததுமே தெற்கே திரும்பிவிடுவார்கள். ஒரு வருடம் அவர்கள் வழக்கத்தைவிட முன்பே திரும்பினார்கள். "சோம்பேறிங்க, ஒரு இடத்துல நிலைக்க மாட்டாங்க" என்றார் குத்தகைக்காரர். அந்த வருடம்தான் பெரிய பஞ்சம். ஜேபஸும் டாம்சினும் ஆயிரத்து எண்ணூறு ஆடுகளைக் கழுத்தறுத்துக் குழியில் தள்ளினார்கள். தண்ணீர் இல்லாமல் அவை கத்துவதைக் கேட்பதைவிட அது மேல் என்று இருந்தது.

பஞ்சத்துக்குப் பிறகு அரசின் நில அளவையாளர் ஒருவர் குதிரையில் அந்தப் பக்கமெல்லாம் சுற்றி வந்து, வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு வடக்கே ஆடு மேயலாம், ஏர் போகக்கூடாது. மழையை நம்ப முடியாத மண்ணில் வளரும் உப்புச்செடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துப் போட்ட கோடு அது.

ஜேபஸ் தெற்கே கொஞ்சம் நிலம் வாங்கி விவசாயியானான். சாலைக்காகப் போராடி ஊர்ச் சபைக்குப் போனான். பெரிய குத்தகைக்காரர்களோடு மோதிச் சட்டசபைக்கும் போனான். ஏழைக்கு நிலம் வேண்டும் என்று அவன் கத்தியதில் பொய் ஒன்றும் இல்லை. அவன் விழுந்ததும் அந்த நல்ல குணத்தால்தான். மூன்று வருடம் தொடர்ந்து நல்ல மழை பெய்தது. நிலத்தை உழுதால் மண்ணின் ஈரம் மேலே போய் மேகமாகும், மழை தானாக வரும் என்று படித்தவர்கள் பத்திரிகையில் எழுதினார்கள். உழுபவனை ஆண்டவன் கைவிட மாட்டான் என்று பிரசங்க மேடையில் சொன்னார்கள். மூன்றே வருடத்து மழையை வைத்து ஓர் இயற்கை விதியைக் கண்டுபிடித்துவிட்டது அந்த நாடு.

"அந்தக் கோடு ஏழையை உள்ள விடாம பணக்காரன் போட்ட வேலி. அதை அழிக்கணும்" என்றான் ஜேபஸ்.

"நாம ஆட்டை வெட்டிப் புதைச்ச இடம்யா அது" என்றாள் டாம்சின்.

"அப்ப யாரும் உழலையே புள்ள."

"நீ உழுதா வானத்துக்கு யாரு போய்ச் சொல்றது?"

ஜேபஸ் இடது காதைத் திருப்பிக்கொண்டான். அவன் பேச்சில் சபையே எழுந்து நின்று கை தட்டியது. கோடு அழிந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வடக்கே வண்டி கட்டின. டாம்சினின் தங்கை மகள் கெசாயாவும் அவள் கணவனும் அவர்களோடு போனார்கள்.

எட்டாவது வருடம், கணவனை நிலத்தில் விட்டுவிட்டு, கெசாயா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து நின்றாள். இமையில்கூடச் செம்மண் படிந்திருந்தது. டாம்சின் கறி அடைத்துச் சுடும் பேஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஜேபஸ் மேஜையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருசமா விதைச்ச விதைகூடத் திரும்ப வரலை பெரியப்பா. நிலத்தை ஒப்படைக்கிறோம், தெற்கே மாத்தி நிலம் குடுங்கன்னு அறுபது குடும்பம் மனு எழுதிட்டுப் போனோம். மந்திரி என்ன சொன்னார் தெரியுமா?"

ஜேபஸ் பத்திரிகையைப் புரட்டினான்.

"நிலம் நல்ல நிலம்தான், திரு. பெங்கெல்லியே சபையில சொல்லியிருக்கார், நீங்கதான் சரியா உழலைங்கிறார். அவர் சொன்னது தப்புன்னு அவரே சொன்னா வாங்கன்னு சிரிக்கிறார்."

ஜேபஸ் மெல்ல இடது காதை அவள் பக்கம் திருப்பினான். டாம்சின் மாவுக் கையோடு எழுந்தாள். கெசாயாவின் நாற்காலியை அவளோடு சேர்த்து இழுத்து, மேஜையைச் சுற்றிக் கொண்டுவந்து, அவனுடைய வலது பக்கம் போட்டாள்.

"இப்பச் சொல்லுடி. முதல்லேருந்து சொல்லு" என்றாள்.

கெசாயா முதலிலிருந்து சொன்னாள். ஜேபஸ் பத்திரிகையை மடித்து வைத்தான். பிறகு கேட்டான்: "நான் தப்புன்னு சொன்னா அடுத்த தேர்தல்ல எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்? வடக்கே நிலம் வித்த வியாபாரிங்க எல்லாம் என் ஆளுங்க."

"போட மாட்டாங்க" என்றாள் டாம்சின். "வீட்ல இரு. கொல்லைக் கதவு ரெண்டு வருசமாத் தொங்குது."

அடுத்த வாரம் சபையில் மழைக்காக நாடு முழுவதும் ஒருநாள் பிரார்த்தனை நடத்தத் தீர்மானம் வந்தது. வழிமொழிய வேண்டியவன் ஜேபஸ். டாம்சின் பெண்கள் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மழைக்காகக் கும்பிடச் சொல்றீங்க. நான் கோயில்ல பிரசங்கம் பண்றவன். எனக்குக் கும்பிடத் தெரியும்" என்று தொடங்கினான் ஜேபஸ். "ஆனா அந்தச் சனங்களை அங்க அனுப்பினது ஆண்டவன் இல்லை. இந்தச் சபை. அனுப்பச் சொன்னது நான். அங்க பஞ்சத்துல ஆட்டை அறுத்துப் புதைச்சவன் நான். தெரிஞ்சே மறந்தேன். எந்த வருசம் அங்க இருக்கலாம், எந்த வருசம் கூடாதுன்னு அந்த மண்ணோட சனங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அவங்களைச் சோம்பேறின்னு சொல்லித் துரத்தினோம். இப்ப கெசாயாவைச் சோம்பேறிங்கிறோம்."

"கெசாயா யாருய்யா?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

"நான் ஏமாத்தினவ" என்றான் ஜேபஸ்.

சிரிப்பு நின்றது. "ஒருநாள் கும்பிட்டுட்டு மறுநாள் நமக்குச் சாப்பாடு இருக்கும். அவங்களுக்கு இருக்காது. பெரிய குத்தகைக்காரங்ககிட்ட தெற்கே சும்மா கிடக்கிற நிலத்தை எடுத்து அவங்களுக்குக் குடுங்க. அதுக்கப்புறம் எல்லாரும் சேர்ந்து கும்பிடுவோம், நானும் வரேன்."

நிருபர்கள் அன்று பென்சிலை எடுத்தார்கள். அவன் மெதுவாகப் பேசியதால் மாடத்தில் இருந்தவர்கள் எட்டிக் கேட்க வேண்டியிருந்தது. மூன்று மாத இழுபறிக்குப் பிறகு நிலம் மாற்றும் மசோதா நிறைவேறியது. அடுத்த தேர்தல் கூட்டத்தில், "முட்டை எறியலாம்னு வந்தோம், உன் புண்ணியத்துல வடக்கே கோழியே இல்லை" என்று ஒருவன் கத்தினான். எல்லோரோடும் சேர்ந்து ஜேபஸும் சிரித்தான். பதினேழு ஓட்டில் தோற்றான். தோற்றவன் கொல்லைக் கதவைச் சரிசெய்தான்.

அறுவடை முடிந்த பருவத்தில் வடக்கத்தி வண்டிகள் அவன் வாசல் வழியாகத் தெற்கே போயின. கல் சுவரை மட்டும் விட்டுவிட்டு கூரைத் தகரம், ஜன்னல், கதவு என்று கழற்ற முடிந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். கெசாயாவின் வண்டி தண்ணீருக்கு நின்றது. ஜேபஸ் வாளியைக் குதிரையின் முன்னால் வைத்தான்.

"உனக்கு ஓட்டு இருந்தா எனக்குப் போட்டிருப்பியா?" என்று கேட்டான்.

பெண்ணுக்கு ஓட்டு இல்லாத நாட்டில் அந்தக் கேள்வியை அவளிடம் வேறு யாரும் கேட்டதில்லை.

"மாட்டேன் பெரியப்பா. எட்டு வருசம் போச்சு. ஒரு குழந்தையை அங்க மண்ணுக்குள்ள விட்டுட்டு வரேன்."

டாம்சின் சமையலறை வாசலில் பேஸ்டி மூட்டையோடு நின்றிருந்தாள். "அவ சொன்னது கேட்டுச்சா?" என்றாள்.

அவன் வலது காது கெசாயாவின் பக்கம் இருந்தது. "கேட்டுச்சு" என்றான்.

குதிரை குடித்து முடித்ததும் அவன் கொட்டகைக்குள் போய்ச் சுத்தியலும் கீல்களும் எடுத்துவந்தான். வண்டியில் கட்டியிருந்த அவள் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்தான். பிறகு அதன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.