பிடி அரிசி டின்

எங்கள் சபைப் பெண்கள் உலைக்கு அரிசி களைவதற்கு முன் அதில் ஒரு பிடி அள்ளித் தனியே போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கென்று எடுத்த பிடி. மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லா வீட்டு அரிசியும் ஆலயத்தில் ஒரே சாக்கில் கொட்டப்படும். பொன்னி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். அது எந்த ஏழை வீட்டுக்குப் போகிறது என்பது ஆயரின் மனைவிக்கு மட்டுமே தெரியும். அவரை ஆயரம்மா என்போம். வாங்குகிறவர்கள் கூனிக் குறுகக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய பால்பவுடர் டின் இருந்தது. போடி பஜாரில் அப்பாவுக்கு ஏலக்காய்க் கடை. அம்மா அரிசி போடுவார். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் குடும்ப ஜெபத்தில், அந்த அரிசியைச் சாப்பிடப்போகிற குடும்பத்துக்காக நான் ஜெபிப்பேன். எட்டு வயதில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊழியம் அதுதான். வெறுமனே ஏழைக் குடும்பம் என்று சொன்னால் ஆண்டவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? அதனால் மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் கால் ஊனமான ஓர் அப்பா, இருமுகிற ஓர் அம்மா, ஐந்து பிள்ளைகள் என்று நானே ஒரு குடும்பத்தை உண்டாக்கி வைத்திருந்தேன். கடைசிப் பிள்ளைக்கு அவ்வப்போது காய்ச்சலும் வரவழைப்பேன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு உரக்க ஆமென் சொல்வார்.

ஏலக்காய் விலை விழுந்த வருடம் அப்பா கடையை மூடினார். வேலை தேடிச் சின்னமனூர், தேனி என்று அலைந்தார். வீட்டில் முதலில் கறிக்குழம்பு நின்றது. பிறகு காலைப் பலகாரம் நின்றது. கடைசியில் ராத்திரிச் சோறு கஞ்சியானது. அம்மா மட்டும் டின்னை விடவில்லை. ஒருநாள் அவர் கை அங்கே போவதை அப்பா பார்த்துவிட்டார்.

"நம்மளுக்கே பத்தல. இன்னும் எதுக்கு இந்த டின்னு?"

"பத்துறப்ப மட்டும் போடுறதாவா ஆண்டவருக்குப் பொருத்தனை பண்ணுனோம்?"

"பிள்ள வயித்துல அடிச்சு ஊருக்குப் போடணுமாக்கும்?"

அம்மா டின்னை மூடினார். போட்ட பிடியைத் திருப்பி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்த டின் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. ஞாயிறு பள்ளியில் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போனவர்கள் என்று சொல்வார்களே, அப்பாவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாரோ என்று எனக்கு ஒரே பயம்.

ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, ஆயரம்மா எங்கள் வீட்டுப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கையில் காலித் துணிப்பை ஒன்று மடித்து வைத்திருந்தார். உள்ளே அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

"ஆயரம்மா எதுக்கும்மா வந்தாக?"

"ஜெபம் பண்ண வந்தாக, ஆத்தா. போயி மூஞ்சியக் கழுவு."

அன்று கஞ்சி இல்லை, சோறு. ஆனால் அது என்ன சோறு! பாதி குழைந்து கிடந்தது, பாதி வேகாமல் விறைத்துக்கொண்டு நின்றது. சோறு நல்லாவே இல்லை என்று முகம் சுளித்தேன். பேசாமல் சாப்பிடு என்றார் அம்மா. அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவர் சோற்றில் கை வைத்தார்.

ஜெபத்தில் வழக்கம்போல் என் முறை வந்தது. வயிறு நிறைந்திருந்த உற்சாகத்தில் நன்றாகவே ஜெபித்தேன். "ஆண்டவரே, எங்க அரிசியச் சாப்பிடுற அந்த ஏழைக் குடும்பத்த ஆசீர்வதியும். அந்த அப்பாவுக்குச் சீக்கிரமா ஒரு வேலை தாரும். அவுக வெக்கப்படாமச் சாப்பிடட்டும்."

ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். முழங்காலில் நின்ற அப்பா நெற்றி தரையில் படக் குனிந்திருந்தார். அம்மாதான் மெதுவாக ஆமென் என்றார்.

மறுநாள் காலையில் அப்பா அடுப்படிக்கு வந்தார். உலைக்கென்று முறத்தில் வைத்திருந்த அந்தக் கலப்பு அரிசியில் தானே ஒரு பிடி அள்ளி டின்னில் போட்டார். அம்மாவின் பிடியைவிடப் பெரிய பிடி. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விசுவாசம் செயலில் தெரிகிற கனியுள்ள ஜீவியத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அப்பா அள்ளிப் போட்ட பிடிதான் நினைவுக்கு வருகிறது.

அன்றைக்கோ எனக்குத் தலைகால் புரியவில்லை. என் ஜெபத்தைக் கேட்டுத்தான் அப்பா மனந்திரும்பினார் என்று நம்பி, லைன் வீட்டுக் குடும்பத்துக்காக இன்னும் ஊக்கமாக ஜெபித்தேன். அந்தக் குடும்பம் மேகமலையில் இல்லை என்பதும், அங்கே ஐந்து பிள்ளைகள் இல்லை, சோறு நல்லாயில்லை என்று முகம் சுளித்த ஒரே ஒரு பெண்பிள்ளைதான் என்பதும் எனக்குத் தெரியவில்லை.