என் அளவுக்கு வந்த மோட்டார் சைக்கிள்

என் கணவரிடம், இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, மனதுக்குப் பிடித்த ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் நடையை எதிர்பார்த்தேன். மிஞ்சிப்போனால் பின்வளவில் நாலு கத்தரிக் கன்று. அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு சிநேகிதரின் வான் வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏற்றி வந்து, மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். சில்லுகளில் காற்று இல்லை. சீற்றைப் பிய்த்துக்கொண்டு மஞ்சள் பஞ்சு வெளியே வந்திருந்தது. பெற்றோல் தாங்கியைத் தட்டினால் உள்ளே மணல் கிலுகிலுத்தது. அது மணல் இல்லை, இரும்பில் பிடித்த கறள் என்று அவர் பெருமையோடு விளங்கப்படுத்தினார்.

“இது ஓடுமோ?” என்று கேட்டேன்.

“இப்ப ஓடாது. ஓட வைக்கிறதுதானே விசயம்.”

அவர் இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து வேலை பார்க்கிறவர். அதுவரை அவர் வீட்டில் திருத்திய ஒரே பொருள், கரண்டி போடுகிற குசினி லாச்சி. அது இன்றுவரை முழுதாகத் திறபடுவதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் கார் வெளியே பனியில் நின்றது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விடியமுன் புறப்பட வேண்டும். கண்ணாடியில் உறைந்த ஐஸை நான் நடுங்கி நடுங்கிச் சுரண்டும்போது, கராஜுக்குள் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் ஹீற்றருக்குப் பக்கத்தில் என்னுடைய போர்வையைப் போர்த்துக்கொண்டு நிற்கும்.

கராஜோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, அடுப்பில் என் ரசச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. எலுமிச்சம்புளி வாசம். அட, மனிசன் சமைக்கிறாரே என்று ஆசையோடு மூடியைத் திறந்தேன். உள்ளே மோட்டார் சைக்கிளின் காபரேற்றர் அவிந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்புளியில் அவித்தால் உள்ளே இருக்கிற அழுக்கு முழுக்கக் கழன்றுவிடும் என்று வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னானாம். சட்டியை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

பிறகு பெற்றோல் தாங்கி. அதற்குள் வினிகரும் ஒரு கைப்பிடி நட்டும் போட்டுக் குலுக்கினால் கறள் உதிருமாம். கை வழுக்காமல் இருக்க அதைத் துவாயால் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்டியிருக்கிறார். அடுத்த நாள் எதிர்வீட்டு அன்ரி என்னை மறித்தார்.

“பிள்ளை, உவர் ஆற்றை குழந்தையைக் குளிருக்கை வைச்சு ஆட்டிக்கொண்டு நிண்டவர்?”

எங்கள் ஒரே மகள் யூனிவர்சிற்றியில் படித்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய குழந்தை என்று அன்ரியின் குரலில் இருந்த கேள்வி எனக்கு விளங்கியது. கையோடு கூட்டிக்கொண்டு போய்த் தாங்கியைக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பனி உருகத் தொடங்கியதும் அவருக்குப் புதுப் பித்துப் பிடித்தது. பழையபடி செய்வது போதாது, தன் எண்ணப்படி மாற்ற வேண்டும். பந்தயம் ஓடுகிறவர்கள் குனிந்து படுத்தபடி ஓட்டுவார்களே, அந்த மாதிரி. ஹாண்டிலைக் கழற்றித் தாழ்வாக ஒன்று பூட்டினார். கால் வைக்கும் கம்பிகளைப் பின்னுக்குத் தள்ளினார். சீற்றையும் பதித்துக் கட்டையாக்கினார்.

மகள் சுற்றி வந்து பார்த்தாள். “அப்பா, ஆர் யூ ஷுவர்? நீங்கள் சப்பாத்து லேஸ் கட்டவே கதிரை தேடுறியள்.”

“அது வேறை, இது வேறை,” என்றார்.

தாங்கிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என்னைக் கேட்டபோது, கத்தரித் தோட்டம் போன ஏமாற்றத்தில், “கத்தரிப்பூ நிறம் அடியுங்கோவன்,” என்று பகிடிக்குச் சொன்னேன். மனிசன் அதையே அடித்துவிட்டார். சொன்ன குற்றத்துக்காகச் சீற்றுக்கு உறை தைப்பது என் தலையில் விழுந்தது. சாறிச் சட்டை தைக்கிற மெசினில் அந்தத் தடித்த ரெக்சினைக் கொடுத்து, எத்தனையோ ஊசியை முறித்து, ஓரத்துக்குக் கறுப்புப் பட்டியும் வைத்துத் தைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் வந்தது.

அது முதன்முதலாக ஸ்ரார்ட் ஆனது ஒரு ஞாயிறு மத்தியானம். அவர் உதைத்து உதைத்துக் களைத்து, கடைசியாக ஒருமுறை என்று உதைத்தபோது, இருமிக்கொண்டு பிடித்தது. கராஜ் முழுக்க நீலப் புகை. வீட்டுக்குள் புகை அலாரம் கத்தியது. அவர் எண்ணெய்க் கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். என் கண் கலங்கியது. புகை என்று சொன்னேன்.

பிறகு அவர் ஏறி உட்கார்ந்தார்.

ஹாண்டிலைப் பிடிக்கக் குனிந்தார். கைக்கு முன்னால் வயிறு போய்த் தாங்கியில் இருந்தது. பின்னால் இருந்த கம்பியில் காலைத் தூக்கி வைத்தார். அதோடு அசைவு நின்றது.

“இஞ்சை, கொஞ்சம் பிடியும்,” என்றார் மெதுவாக.

“எதைப் பிடிக்கிறது?”

“என்னை.”

நானும் மகளும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரை இறக்கினோம். அந்தக் கிழமை முழுவதும் இடுப்புக்கு எண்ணெய் பூசிவிட்டதும் நான்தான்.

அவரை இறக்கிய கையோடு, “அம்மா, நீங்கள் ஒருக்கா ஏறிப் பாருங்கோ. ஜஸ்ற் ஃபொர் ஃபன்,” என்றாள் மகள். நான் கட்டையான ஆள். ஏறினேன். இரண்டு காலும் நிலத்தில் முட்டின. கை நீட்டிய இடத்தில் ஹாண்டில் இருந்தது. இறங்க மனம் வரவில்லை. அதை வெளியே காட்டவும் இல்லை.

அவர் கதவு நிலையில் சாய்ந்து, இடுப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். “உமக்கு அளவெடுத்த மாதிரிக் கிடக்கு,” என்றார். முகம் வாடித்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் கராஜ் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி பூட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மாறாக, மோட்டார் சைக்கிள் லைசன்சுக்குப் படிக்கிற புத்தகத்தைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எனக்கென்னத்துக்கு?”

“இவ்வளவு பாடுபட்டுச் செய்தது. ஆரோ ஒராள் ஓடத்தானே வேணும்.”

கொலிச் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு நடந்தது. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் மகளின் வயது. ஒருமுறை, வளைந்து ஓடிப் பழக நிறுத்தி வைத்த செம்மஞ்சள் கோனை இடித்து வண்டியோடு சரிந்தேன், முழங்கால் உரசியது. ஆனாலும் பாஸ் பண்ணினேன்.

முதல் பெரிய ஓட்டம் அஜக்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு. நாலுநாலொன்று ஹைவேயில் ஏறக்கூடாது, உள் றோட்டால்தான் போக வேண்டும் என்பது கணவரின் நிபந்தனை. அவர் காரில் பின்னால் வந்தார், வழி முழுக்க, ஆபத்துக்குப் போடுகிற மினுங்கும் ஹஸாட் லைற்றைப் போட்டபடி. பின்னால் வந்தவர்கள் ஹோன் அடித்துத் தீர்த்தார்கள். சிவப்பு விளக்கில் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார், வாய் அசைந்துகொண்டிருந்தது. தேவாரமா திட்டா தெரியவில்லை.

தங்கை கதவைத் திறந்தாள். ஹெல்மெற்றைக் கழற்றாமல் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சொறி, வீ டிடின்ற் ஓடர் எனிதிங்,” என்று, சாப்பாடு கொண்டுவருகிற ஆளாக என்னை நினைத்துக் கதவைச் சாத்தப் போனாள்.

“அடியேய், நான்தான்ரி!”

அவள் போட்ட கூச்சலில் அவளுடைய மனிசனும் ஓடி வந்தார். தேத்தண்ணி குடிக்கும்போது, அவர் வெளியே நின்ற கத்தரிப்பூ நிற மோட்டார் சைக்கிளை யன்னலால் பார்த்துவிட்டு என் கணவரிடம் கேட்டார்: “அண்ணை, நீங்கள் ஓடுறேல்லையோ?”

என் கணவர் தங்கை பொரித்து வைத்த றோல்ஸை ஆறுதலாகக் கடித்தார்.

“நான் செய்யிற ஆள். ஓடுறது இவ,” என்றார்.

அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு, எனக்கே அவரைப் பகிடி பண்ண வாய் வரவில்லை.