பெற்ற பிள்ளைக்கும் அண்ணி

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு வேறு எதுவும் எழுத வராது. வண்டிகளுக்கு சீட் தைக்கிற கடை என்னுடையது. அங்கே வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. சொன்னவரிடமே திரும்பவும் சொல்கிறேன் என்று பக்கத்துக் கடை மெக்கானிக் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும். அவருக்குப் பேத்தி பிறக்கும்போது நானும் பார்க்கத்தானே போகிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பேத்தியைப் பற்றி இல்லை. அவளுடைய அப்பாவைப் பெற்ற சம்பந்தியம்மாவைப் பற்றி. அவரை நினைத்தாலே எனக்கு நூல் சிக்கிக்கொண்ட தையல் மெஷின் மாதிரி ஆகிவிடுகிறது. எழுதினாலாவது சிக்கு பிரிகிறதா பார்ப்போம்.

அவர்களுடையது பேக்கரிக் குடும்பம். கீழே அடுப்பும் கடையும், மேலே வீடு. அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் ஒரே மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். சம்பந்தியம்மா மூத்தவரின் மனைவி. கடைக்குப் பின்பக்கம் நீள மேசை ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் நின்று மாவு பிசைவார். ஆள் ஒல்லி, கை மட்டும் பயில்வான் கை. கொழுந்தன்மார்கள் அவரை அண்ணி என்று கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு மூட்டை இறக்குகிறவர், ரொட்டி வண்டி ஓட்டுகிறவர், பன் வாங்க வருகிறவர் எல்லாருக்கும் அவர் அண்ணிதான். "அண்ணி, சூடா என்ன இருக்கு?" என்று தெருவிலிருந்தே குரல் வரும். அவர் வீட்டுக்காரர்கூட, "எனக்குத் தெரியாதுப்பா, அண்ணியக் கேளு" என்பார்.

இதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். நான் ஏமாந்த இடம் வேறு.

என் மகள் அந்தப் பேக்கரிக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ரொட்டி வாங்கப் போனவள் மாப்பிள்ளையோடு வந்து நின்றாள். சரி, பெரியவர்கள் வந்து பேசட்டும் என்றோம். வந்தார்கள். பையன் அறிமுகம் செய்தார். "இவரு எங்க அண்ணன். இவங்க அண்ணி." அண்ணனுக்குத் தலை முழுக்க நரை. பெரிய குடும்பம், மூத்தவருக்கும் கடைசிக்கும் வயது வித்தியாசம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரிதான், "அம்மா வரலையா தம்பி?" என்று கேட்டாள்.

"அம்மா தவறிட்டாங்க. நான் ஸ்கூல் படிக்கிறப்பவே."

என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அந்த அண்ணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயில்லாத பிள்ளைய நீங்கதான் தாயா இருந்து ஆளாக்கியிருக்கீங்க" என்றாள். அந்த அம்மா தலையைக் குனிந்து, மடியில் இருந்த பிஸ்கட் பெட்டியின் ரிப்பனைச் சரிசெய்துகொண்டே இருந்தார். பையன் காபி டம்ளரை எடுத்து ஆற்ற ஆரம்பித்தார். பெரியவர் அந்த நேரம் பார்த்து ஃபோன் பேச வெளியே போயிருந்தார்.

அவர்கள் போனபிறகு நான் மகளிடம், "பாவம்மா அந்தப் பையன், தாயில்லாம வளந்திருக்கான்" என்றேன். உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்தாள்.

"யாருப்பா தாயில்லாம வளந்தது? அவ்வளவு நேரம் நம்ம அம்மா யாரு கையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்களோ, அவங்கதான் அவரோட அம்மா."

"அப்ப செத்துப்போனது யாரு?"

"அது பாட்டி. அவங்களைத்தான் அவரு அம்மான்னு கூப்பிடுவாராம்."

"பெத்தவங்க அண்ணின்னா, அந்த நரைச்ச அண்ணன்?"

"அவருதான் அப்பா."

என் வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உன்னை என்னன்னு கூப்பிடப் போறாராம்? சித்தின்னா?" என்றாள்.

பிறகு மகள் விளக்கிச் சொன்னாள். குழந்தை பேச்சைக் கேட்டுத்தானே பேசும். அந்த வீட்டில் காலையிலிருந்து மாப்பிள்ளை காதில் விழுந்தது "அண்ணி, அண்ணி" என்றுதான். சித்தப்பாமார்கள் எல்லாரும் அம்மா என்று கூப்பிட்டது பாட்டியை. குழந்தையும் அப்படியே பிடித்துக்கொண்டது. முதலில் எல்லாரும் சிரித்தார்களாம். சிரித்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், இன்னும் பத்து தடவை சொல்லும். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வாய் பழகிவிட்டது. திருத்திப் பார்த்தீர்களா என்று சம்பந்தியிடம் ஒருநாள் கேட்டேன். "என்னையுந்தான் அண்ணன்ங்கிறான். நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்?" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

எனக்குத்தான் குடைச்சல். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையைக் கவனித்துப் பார்த்தேன். அவர் சிரிப்பது அப்படியே இரண்டாவது சித்தப்பாவின் சிரிப்பு. தோளைச் சாய்த்து நடப்பது கடைசிச் சித்தப்பாவின் நடை. இருவரும் ஒன்றாக ஓடித் திரிந்தவர்களாம். கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரைப் பேச்சில் மடக்குவது பாட்டியின் சாமர்த்தியம் என்று தெருவே சொல்கிறது. தும்மல் அப்பாவுடையது, மாடிவரை கேட்கும். பெற்றவளிடமிருந்து என்ன வந்தது என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மனுசனை வளர்ப்பது யார் என்று எனக்கே குழம்பிவிட்டது. அவர் பாட்டி பிள்ளையா, சித்தப்பாமார் பிள்ளையா, கடைக்கே பிறந்த பிள்ளையா?

இப்படி இருக்கும்போதுதான் என் மகளுக்குப் பிரசவம் ஆனது.

ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு வெளியே கம்பிக் கதவு. கதவருகே காவலுக்கு ஓர் அம்மா, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். முதல் நாள் பெண்ணோட அம்மாவும் மாப்பிள்ளையோட அம்மாவும் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று சட்டம். என் வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். அப்போது சம்பந்தியம்மா கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், காதோரம் மாவு ஒட்டியிருந்தது. கைகளை மட்டும் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

காவல்காரம்மா மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்க அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை தூக்கமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை. "அம்மா இல்லைங்க" என்றார்.

"இவங்க?"

"அண்ணி."

"அண்ணி, நாத்தனார் எல்லாம் நாளைக்கு வாங்க. நவுருங்க, ஸ்ட்ரெச்சர் வருது."

சம்பந்தியம்மா ஃபிளாஸ்க்கை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏதாவது சொல்லலாமா, சொன்னால் யாருக்குத் தலைகுனிவு என்று ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன சம்பந்தியம்மா இது. வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது சம்பந்தி? அவனே இல்லைங்கிறான். அத்தனை பேர் நடுவுல நான் அவன் பேச்சப் பொய்யாக்கவா?"

கழுவிச் சிவந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"மாமியார் தவறினப்போ ஸ்கூல்ல போய் எங்க அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கான். புதுசா வந்த டீச்சர். நான் சாப்பாடு கொண்டுபோனப்போ அவன், அண்ணின்னு கத்திக்கிட்டே ஓடியாந்தான். அந்த டீச்சர் என் தோளத் தொட்டு, அம்மா இல்லாத குறை தெரியாமப் பாத்துக்கிறீங்கன்னு சொன்னாங்க. சரிங்க டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"திருத்தலையா?"

"அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி நிக்குது. அதப் போய் எப்படி அசிங்கப்படுத்துறது? அப்புறம் பாதி வழியில நினைக்கிறேன், நான் உயிரோட இருக்கிறப்பவே செத்துப்போன மாதிரி ஆயிடுச்சேன்னு."

"உங்க மாமியார் வேணும்னே செஞ்சாங்களா?"

"அதான் எனக்கே தெரியல. நல்லவங்கதான். பிள்ளை அழுதா முதல்ல கை நீட்டுறது அவங்கதான். எனக்கு முழங்கை வரைக்கும் மாவு. கையக் கழுவிட்டு வர்றதுக்குள்ள அவங்க தோள்ல தூங்கியிருப்பான். தினமும் அப்படித்தான். யாரக் குத்தம் சொல்றது?" கம்பிக் கதவைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையாவது கைக்கு வரும்னு பாத்தேன். அதுவும் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

அவனிடம் சொல்லாதீர்கள் என்றார். நானும் தலையாட்டினேன். ஆனால் என் வாயைப் பற்றி மெக்கானிக்கைக் கேட்டால் தெரியும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஸ்கூல், டீச்சர், கையில் மாவு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் குழாயை மூட மறந்து நின்றார்.

"எனக்கு இது தெரியாது மாமா. என்னைப் பெத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அம்மான்னு யாராவது சொன்னா எனக்குத் தவறிப்போனவங்க முகம்தான் வருது. அண்ணின்னா இவங்க. இவங்க மேல பாசம் இல்லைன்னு நினைச்சுட்டாங்களா?"

"எனக்கென்ன மாப்பிள்ளை தெரியும். எனக்கு உங்க வீட்டுக் கணக்கே இன்னும் விளங்கல."

அவர் நேராகக் கதவுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். போகிற வழியில் சம்பந்தியம்மாவையும் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மா, இவங்கள உள்ள விடுங்க. இவங்கதான் என்னைப் பெத்தவங்க."

காவல்காரம்மா இடுப்பில் கை வைத்தார். "இப்பதானே சார் அம்மா இல்லைன்னீங்க?"

"ஆமாங்க."

"அண்ணின்னீங்க."

"அதுவும் ஆமாங்க."

"நானும் காலையிலருந்து பாக்கிறேன். ஒருத்தரு மூணு மாமியாரக் கூட்டிட்டு வந்தாரு. நீங்க செத்த அம்மாவ எழுப்பிக் கூட்டிட்டு வர்றீங்க. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? படிச்ச ஆள் மாதிரி இருக்கீங்க, பொய் சொல்ல வெக்கமா இல்ல?"

அந்த அம்மா இன்னும் என்னென்னவோ பேசினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். கல்லாவில் அத்தனை பேச்சுப் பேசுகிற என் மாப்பிள்ளை தலையை இடது பக்கம் லேசாகச் சாய்த்து, தரையைப் பார்த்து, இரண்டு உள்ளங்கையையும் தொடையில் துடைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சம்பந்தியம்மாவும் அதே மாதிரி தலையைச் சாய்த்து, அதே மாதிரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார். திட்டுகிறவர் திட்டி முடிக்கட்டும், குறுக்கே பேசி அவர் மனசை நோகடிக்க வேண்டாம் என்கிற மாதிரி.

காவல்காரம்மா பேச்சை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்தது கண்ணுக்கு நேரே நின்றது.

"என்ன சார் இது, ரெண்டு பேரும் அச்சடிச்ச மாதிரி நிக்கிறீங்க. திட்டினா திரும்பி ஒரு வார்த்தை பேசவே மாட்டீங்களா?" என்றார். பிறகு கம்பிக் கதவைத் தள்ளினார். "போங்கம்மா. கையக் கழுவிட்டுப் பிள்ளையத் தொடுங்க."

"கழுவிட்டேங்க" என்றார் சம்பந்தியம்மா. ஆனாலும் உள்ளே போனதும் இன்னொரு தடவை கழுவினார் என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மாறவில்லை. மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை மாடிப்படியில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். சம்பந்தியம்மா திரும்பித் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம், "வேண்டாம்டா, மாமியார் வந்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். மறுபடியும் அண்ணிதான். இதற்காகத்தான் அத்தனை வருஷம் ஏங்கினாரா, அல்லது ஏங்கியது வேறு எதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

போன வாரம் நான் பேக்கரிக்குப் போயிருந்தேன். பேத்தியைக் கடைக்குப் பின்பக்கம் தொட்டிலில் போட்டிருந்தார்கள். சம்பந்தியம்மா முழங்கை வரை மாவோடு நின்றார். பேத்தி விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதாள். குரல் என் வீட்டுப் பக்கத்துக் குரல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவது சித்தப்பா கை நீட்டினார். கடைசிச் சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். நானும் எழுந்துவிட்டேன்.

மாப்பிள்ளை கல்லாவிலிருந்து இறங்கி வந்து தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"யாரும் தூக்க வேண்டாம். அண்ணி கையக் கழுவிட்டு வரட்டும்."

"டேய், பிள்ளை மூச்சுப் பிடிக்குதுடா" என்றார் சித்தப்பா.

"பிடிக்கட்டும் சித்தப்பா. ஒண்ணும் ஆகாது."

ரொட்டி வாங்க வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். ஊருக்குப் புதியவர் போல. "ஏங்க, பிள்ளை இப்படி அழுவுது, ஆளாளுக்குச் சுத்தி நின்னு வேடிக்கை பாக்கிறீங்க?"

"எங்க அம்மா வர்றாங்க சார். கை கழுவிட்டிருக்காங்க."

"அங்க கை கழுவுறது உங்க அண்ணின்னு இப்பதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. அவங்கதான் எங்க அம்மா."

"அப்ப உங்க அண்ணன்?"

மாப்பிள்ளை அடுப்புப் பக்கம் கை காட்டினார். "அவரு எங்க அப்பா."

அந்த மனிதர் ரொட்டியை வாங்கிக்கொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி போனார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கூடப்பிறந்தவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

சம்பந்தியம்மா குழாயடியில் நின்று விரல் விரலாகக் கழுவினார். அவசரப்படவில்லை. முந்தானையில் துடைத்தார். பேத்தி அழுதுகொண்டே இருந்தாள். அத்தனை பெரிய ஆம்பிளைகளும் கையைக் கட்டிக்கொண்டு வழி விட்டார்கள். அவர் குனிந்து அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பேத்தி நாளைக்கு அவரை என்னவென்று கூப்பிடுவாள் என்பதுதான் இப்போது வீட்டில் பெரிய விவாதம். காதில் விழுவது எல்லாம் அண்ணி. என் பந்தயமும் அதில்தான். மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.