ஐந்து பக்கக் கணக்கு

மகேஷ்குமாரிடம் ஒரு பெட்டியைக் காட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். நீளம், அகலம், உயரம் கேட்பார். சிவகாசி அச்சகம் ஒன்றில், பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்ட எவ்வளவு வண்ணத்தாள் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவர் வேலை. பெட்டிக்கு ஆறு பக்கம். மேலும் கீழும் ஒரே அளவு, முன்னும் பின்னும் ஒரே அளவு, இடமும் வலமும் ஒரே அளவு. மூன்று பெருக்கல், அவற்றின் கூட்டல், அதை இரட்டித்தால் மொத்தப் பரப்பு வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த கணக்குதான். மகேஷ்குமாரின் பெருமையெல்லாம் அதற்குப் பிறகு செய்யும் கழித்தலில் இருந்தது. அடிப்பக்கத்துக்கு அவர் தாள் கொடுப்பதில்லை.

தரையில் கிடக்கிற பக்கத்துக்கு அலங்காரம் எதற்கு? சீசனில் லோடு லோடாகப் போகிற பெட்டிகளில் ஒன்றைக்கூட யாரும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. தாள் மிச்சமாவதில் அச்சகத்துக்கும் ஏக சந்தோஷம். நாளடைவில் அவருக்கு ஆறாவது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்து போனது.

வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. வந்த ஜாதகங்களெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயின. விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி தங்கச்சாமியின் மகள் யோகேஸ்வரியைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் மனிதர் ஒரு நிலையில் இல்லை. அவளை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. இதுவும் கைநழுவிப் போய்விடுமோ என்று பயந்துகொண்டே இருந்தார். நிச்சயத்துக்கு இனிப்புப் பெட்டிகள் என் பொறுப்பு என்று தானாகவே முன்வந்தார். நீளம் முப்பது சென்டிமீட்டர், அகலம் இருபது, உயரம் ஐந்து. மயில் நீலத் தாள், தங்க ஓரம். அழகாகத்தான் இருந்தன.

வத்தல் மண்டியில் மூட்டையின் மேலாக இருக்கும் வத்தலை எவரும் நம்புவதில்லை. கையை அடிவரை விட்டு அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். நிச்சயத்தன்று, தட்டு மாற்றுவதற்கு முன், தங்கச்சாமி கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். அவர் மூடியைத் திறக்கவில்லை. தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். வெறும் சாம்பல் நிற அட்டை.

"என்ன தம்பி, அடியில தாளே ஒட்டலையே?"

"அதை யாரு மாமா பாக்கப் போறாக?"

"நாங்க மொதல்ல அதைத்தான பாப்போம்."

இந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருந்தால் பிழைத்திருப்பார். கணக்குத் தெரிந்தவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஆறுல ஒரு பக்கம்தானன்னு நினைப்பீக. தட்டைப் பெட்டியில அடிதான் மாமா பெருசு. மொத்தம் ஆயிரத்து எழுநூறு சதுர சென்டிமீட்டர்னா, அடி மட்டுமே அறுநூறு. மூணுல ஒரு பங்குக்கு மேல தாள் மிச்சம்!"

உள்ளேயிருந்து யோகேஸ்வரி வந்தாள். தனக்கென்று கொண்டுவந்திருந்த பட்டுச்சேலைப் பெட்டியைத் தாம்பாளத்திலிருந்து எடுத்துத் திருப்பினாள். அதுவும் சாம்பல் அட்டைதான்.

"ஊருக்குக் குடுக்கறது எப்படியோ இருக்கட்டும். எனக்குக் கொண்டாந்த ஒரு பெட்டிக்காவது முழுசா ஒட்டணும்னு தோணலையா?"

தாள் பற்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். மகேஷ்குமாருக்குப் பொய் வராது.

"தோணலைங்க."

அவள் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை.

"தட்டு மாத்த வேண்டாம்ப்பா" என்றாள்.

தங்கச்சாமி தாம்பாளத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பந்தி போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மகேஷ்குமார் இலைமுன் உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்காமல், இலையின் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.