பல் ஆஸ்பத்திரியில் ஒரு நாட்டிலஸ்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு ஊரில் 'நத்தை மாஸ்டர்' என்று பெயர். மெதுவாக ஓட்டச் சொல்வதால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது வகுப்பிலேயே உண்மை தெரிந்துவிடும். குன்றைக் குடைந்து போட்ட சாலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, மாஸ்டர் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். கற்கிறவரின் தலை முன்னே போய்ப் பின்னே வருவதற்குள், சுத்தியலும் கையுமாக அவர் கீழே இறங்கியிருப்பார்.

அவர் தேடியது நாட்டிலஸை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் போய், சேறு பாறையாகி, பாறை மேல் தார்ச் சாலையும் வந்துவிட்டது. அந்தக் கடலில் மிதந்த நாட்டிலஸ் என்ற சுருள் ஓட்டுப் பிராணிகள் மட்டும் பாறைக்குள்ளே கல்லாகச் சமைந்து கிடந்தன. அதை யாராவது நத்தை என்று சொல்லிவிட்டால் மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நத்தைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? இது கணவாய் மீனுக்கு உறவுக்காரன்!"

இப்படிச் சண்டை போட்டுப் போட்டே அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் கட்டிலுக்கு மேலும் அடியிலும் கல், துணி அலமாரியில் கல், குளியலறை வாளியில் ஊறப்போட்ட கல். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, இரண்டு கட்டில்கால்கள் ஒடிந்த பிறகும் பொறுமையாகத்தான் இருந்தார். ஒருநாள் சாப்பிடும்போது மாஸ்டர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாட்டிலஸ் வளர வளர, பழைய அறை பத்தாதுன்னு சுவர் வச்சு அடைச்சிட்டு, முன்னாடி பெருசா ஒரு அறை கட்டிக் குடி போயிடும். தெரியுமா?"

"அந்தப் பிராணிக்கு இருக்கிற பொறுப்பு வீட்ல யாருக்காவது இருக்கா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நாம இந்த ஒரே ரூம்லதான் இருக்கோம்" என்றார் மனைவி. மாஸ்டர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார். எப்பேர்ப்பட்ட முரட்டு ஆளின் கடைவாய்ப் பல்லையும் பாட்டுப் பாடிக்கொண்டே பிடுங்குகிறவர். ஆனால் எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு லாரியைக் கண்டு பயமில்லை. டாக்டரம்மாவைக் கண்டுதான் பயம். மாஸ்டருக்குக் கடைவாயில் ஒரு சொத்தைப் பல் வெகுநாளாகக் குடைந்துகொண்டிருந்தது. அதனால் வகுப்பு முழுக்கக் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டேதான் பாடம் நடத்துவார்.

"பல்லு வலியா மாஸ்டர்?"

"இல்ல டாக்டர், யோசனை. நீங்க ரோட்டைப் பாருங்க."

ஒரு காலையில் குன்றுச் சாலையின் வளைவில் லாரி வந்தது. டாக்டரம்மா கண்ணை மூடினார். மாஸ்டர் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி ஓரமாகப் போய்ச் சரிவில் மோதி நின்றது. மேலேயிருந்து பூசணிக்காய் அளவுக்கு ஒரு மண்கட்டி பானெட் மேல் தொப்பென்று விழுந்து விரிசல் விட்டது. டாக்டரம்மா கண்ணைத் திறந்து, "மன்னிச்சிடுங்க மாஸ்டர்" என்று திரும்பினால், பக்கத்து சீட்டில் ஆளில்லை. மாஸ்டர் பானெட்டைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். கட்டியின் விரிசலில் வழவழவென்று ஒரு வளைவு தெரிந்தது.

"எப்படி டாக்டர் இவ்வளவு கரெக்டா மோதினீங்க! பிரமாதம்!"

நசுங்கிய பானெட் அவர் கண்ணில் படவே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு கவலை பிடித்துக்கொண்டது. இதற்கு முன் கிடைத்த நல்ல கற்களில் பாதியை உளி வைத்து அவரே உடைத்திருக்கிறார். இதில் கைவைக்க மனம் வரவில்லை. அடுத்த வகுப்புக்குக் கல்லையும் பின்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கூட்டிவந்தார். டாக்டரம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்த மண்ணு பல்லுல அழுக்கு இறுகிப் பிடிச்ச மாதிரிதானே இருக்கு? என்கிட்ட பழைய டிரில் மெஷின் ஒண்ணு பின்ரூம்ல சும்மா கிடக்கு. அதால நானே மண்ணை எடுத்துத் தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். அதுக்கப்புறம் நீங்க வாயைத் திறக்கணும்."

"எதைப் பத்தி டாக்டர்?"

"எதைப் பத்தியும் இல்ல. சும்மா திறக்கணும்."

மாஸ்டர் கல்லைப் பார்த்தார், கன்னத்தைத் தடவினார், தலையாட்டினார்.

மறுநாள் மாலை பின்ரூமில் வேலை தொடங்கியது. அந்த ரூமுக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு முதலில் டிரில் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆணின் அலறல்.

"ஐயோ டாக்டர், மெதுவா! சுவரு போயிடப் போவுது!"

"அசையாம பிடிங்க! அப்பப்பா, எத்தனை கோடி வருஷத்து அழுக்கு இது!"

கன்னத்தில் துண்டு கட்டியிருந்த ஒருவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உள்ள ஓட்டை இருக்கு பாருங்க டாக்டர், நடுவுல ஒரு குழாய் போகும்."

"தெரியுது, தெரியுது. குழாய் வர்ற வரைக்கும் குடைஞ்சிடலாம். அந்தப் பெரிய சுத்தியலை எடுங்க!"

நர்ஸ் அடுத்த நோயாளியைக் கூப்பிட வந்தபோது கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓடியிருந்தார்.

உள்ளே இருந்த இருவருக்கும் இது தெரியாது. தூசு அடங்கியதும் மேஜை மேல் நாட்டிலஸ் முழுசாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் ஓடு பெயர்ந்த இடத்தில், அறைக்கு அறை பிறை மாதிரி தடுப்புச் சுவர்கள். அறைகளுக்குள் தேன்நிறத்தில் படிகங்கள் மின்னின. மாஸ்டர் வாய் பிளந்து நின்றார். டாக்டரம்மா அந்த நேரம் பார்த்து டார்ச்சை உள்ளே அடித்தார்.

"அப்படியே இருங்க. மூடாதீங்க."

அன்றைக்கே சொத்தைப் பல் போனது. வலிக்கவே இல்லை என்பதில் மாஸ்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஈ காக்கைகூட வரவில்லை. ஒருத்தர் தாடையையே டாக்டர் சுத்தியலால் பெயர்த்துவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. மாஸ்டர் தெருத் தெருவாகப் போய், "அது கல்லுங்க, கல்லு!" என்று வாயைத் திறந்து காட்டினார். அங்கே ஒரு பல் இல்லாததைப் பார்த்தவர்கள் இன்னும் பயந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாஸ்டர், அந்தக் கல்லை இங்க கூடத்துல வச்சாத்தான் ஜனங்க நம்புவாங்க."

மாஸ்டருக்கு வாழ்நாளில் கிடைத்தவற்றிலேயே அதுதான் முதல்தரம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார்.

நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மாஸ்டரும் தினமும் வந்தார். பல் கூசுகிறது என்பார், ஈறு வீங்கியிருக்கிறது என்பார். டாக்டரம்மா எதுவும் கேட்பதில்லை. பெட்டிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியைக் காலியாக வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் கணவர் எங்கேதான் போகிறார் என்று பார்க்க மனைவியும் பின்னாலேயே வந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கல்லை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இது இவ்வளவு அழகா? வீட்ல இருந்தப்ப எனக்கு ஏன் தெரியல?"

"வீட்ல நீ அதுமேல துணி காயப்போட்டிருந்த."

மனைவி சிரித்துவிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அடுத்த தடவை கல்லு தேடப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார். "ஆனா பிரேக் போடறதுக்கு முன்னாடி சொல்லணும்."